கடைசித் தூணருகில்

புதுச் சாமியார் அப்பாயியின் பெயரை மறுபடியும் தப்பாகச் சொன்னார். இன்னாசியம்மாள் என்றார். இஞ்ஞாசி, இஞ்ஞாசியம்மாள் என்று பவுலின் மனதுக்குள் திருத்திக்கொண்டாள். மடியிலிருந்த மகள் முகில் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். சங்கிலி ஸ்டெல்லா அத்தையுடையது. அப்பாயி செத்த முப்பதாம் நாள் பூசையில் முன் பெஞ்சில் உட்காரப்போகிறவள் வெறுங்கழுத்தோடு உட்காரக் கூடாதென்று காலையில் அத்தை தன் கழுத்திலிருந்து கழற்றி மாட்டிவிட்டிருந்தாள். மாட்டும்போதே காதருகில் குனிந்து அதையும் சொன்னாள். நன்மை வாங்க எல்லாரும் எந்திரிக்கிறப்ப நீயும் எந்திரிச்சு வந்துரு, புதுச் சாமியாருக்கு உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது, குடும்பமே எந்திரிச்சுப் போறப்ப நீ மட்டும் முன் பெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருந்தா ஊரு பூரா உன்னையத்தான் பாக்கும், இன்னிக்கு ஒருநாள், அப்பாயிக்காக. அப்பாயிக்காக என்ற சொல்தான் கழுத்தில் சங்கிலியோடு சேர்ந்து கனத்தது. பிரசங்கம் முடியப்போகிறது, அப்புறம் காணிக்கை, அப்புறம் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றம், அப்புறம் அந்த அப்பத்தை நாக்கில் வாங்குகிற நன்மை. பூசையின் ஒவ்வொரு படியும் அவளுக்கு மனப்பாடம். அந்தப் படிகள் தன்னைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. முதல் நன்மைக்குப் படித்துக்கொடுத்த கன்னியாஸ்திரீ சொன்ன கதை, மறந்தே போய்விட்டதென்று நினைத்திருந்த கதை, இத்தனை வருஷம் கழித்து எழுந்து வந்தது. பாவத்தை மறைத்துக்கொண்டு நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு நாக்கு வெந்துபோயிற்றாம். பவுலின் நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தாள். வறண்டிருந்தது. மேலே சுற்றிய மின்விசிறியில் ஏதோ ஒன்று கழன்று, சுற்றுக்கு ஒருதரம் டக்கென்றது.

அன்னார் ஒரு செப வாழ்வு வாழ்ந்தவர் என்றார் சாமியார். பொய்யில்லை. ஆனால் அது என்ன செபமென்று இவருக்கு எப்படித் தெரியும். விடியுமுன் பூசைக்குப் போக எழுந்திருப்பவள், பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள், ஆமாம். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியபின் அவள் செபமாலை சொல்லும்போது பக்கத்தில் படுத்திருந்தவள் பவுலின். அம்மா செத்தபோது பவுலினுக்கு முகம் நினைவில் வைத்துக்கொள்ளும் வயதுகூட இல்லை. வாசமென்றால் அப்பாயியின் வாசம், குரலென்றால் அந்த முணுமுணுப்பு. செபமாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே அப்பாயி ஒரு ஆளை நிறுத்துவாள். எதிர்வீட்டுக் குடிகாரன் ஒரு மணிக்கு. பால்காரர் கால்புண் ஒரு மணிக்கு. பரீட்சையில் தோற்ற ஏதோ ஒரு பெண், பெயர் தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள், அவளுக்கு ஒன்று. தெருவின் ஒரு முனையில் தொடங்கி வீடுவீடாக மனதுக்குள்ளேயே நடந்து, சண்டை போட்டவர்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக நின்று, அப்புறம் ஆற்றைத் தாண்டி, கலியாணமாகிப் போனவர்கள் ஊருக்கெல்லாம் போய்வருவாள். நடுவில் தூங்கிவிட்டால் மறுநாள் விட்ட வீட்டிலிருந்து தொடங்குவாள். என் பேரு எப்ப வரும் அப்பாயி என்று ஒருநாள் பவுலின் கேட்டதற்கு, நீ மாலையிலயே கோத்துக் கெடக்குற கண்ணு, உனக்கு எதுக்குத் தனி மணி என்றாள். அன்று அது கொஞ்சுகிற பேச்சாகத்தான் பட்டது. இப்போது, இந்தப் பெஞ்சில், அது வேறாகக் கேட்டது. ஒரு மனுஷிக்குள் அத்தனை பேர் குடியிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் இந்த முப்பது நாளாக எங்கே போய்ப் படுக்கிறார்கள்.

அந்த மாலையிலிருந்து அறுந்து போனவள்தான் அவள். அப்படித்தான் அப்பா சொன்னார். அறுத்துக்கிட்டுப் போயிட்ட, போ. பவுலின் செங்குட்டுவனைக் கட்டிக்கொண்டது ரிஜிஸ்டர் ஆபீசில். எந்தக் கோயிலும் வேண்டாம், எந்தச் சடங்கும் வேண்டாம் என்பது அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வருகிற பிடிவாதம். அதிலே ஒரு நேர்மை இருந்தது. அந்த நேர்மைக்காகத்தான் அவனைப் பிடித்தது. கோயிலில் மந்திரிக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை, இனி உனக்கு நன்மை கிடையாது என்று அப்போதிருந்த பெரிய சாமியார் வருத்தத்தோடுதான் சொன்னார். அப்பா வருத்தப்படவில்லை. கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து, மகள் பிறந்தபோதும், போனில் குரல் கேட்டபோதும், அப்பா பேசியதே இல்லை. அப்பாயி செத்த அன்று வாசலில் நின்றவளைப் பார்த்து வா என்ற ஒரு சொல். அதோடு சரி. அந்த அப்பா இப்போது இதே பெஞ்சில், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் அத்தையும் அத்தை வீட்டாரும், இந்தக் கோடியில் சுவரை ஒட்டி அவளும் பிள்ளையும். செங்குட்டுவன் வெளியே மாதா கெபிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறான். வீட்டுக் கறுப்பை விட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் போட்டான்.

கதவு சாத்திய வீட்டிலிருந்து அப்பாயி எப்படிக் கிளம்பினாள் என்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான். மகன் சொல் தட்டாதவள். எண்பதைத் தொட்ட முட்டி. தெருமுனைக் கடையைத் தாண்டித் தனியாகப் போகாதவள், ஒரு காலை வேளையில் கரூர் பஸ்ஸைப் பிடித்து, ஒரு தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, காவிரியைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கி, ஆட்டோக்காரனிடம் கறுப்புச் சட்டைக்காரர் வீடு என்று கேட்டு வந்துவிட்டாள். வாசலில் மாமனார் மாணிக்கவேல் அதே கறுப்புச் சட்டையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவையும் கையில் செபமாலையுமாக வந்து நின்ற கிழவியைப் பார்த்து அவர் எழுந்தார். சம்மந்தி, எம்பேத்திக்கு மசக்கைன்னாங்க, மீன்கொழம்பு கொண்டாந்தேன், உங்களுக்கும் சேத்துத்தான் என்றாள் அப்பாயி. மாமனார் யார் காலிலும் விழக் கூடாதென்று மேடை போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குனிந்து அவள் செருப்பை ஓரமாக எடுத்து வைத்ததைப் பவுலின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து இருவரும் கடவுள் உண்டா இல்லையா என்று பேசவில்லை. முட்டிவலிக்கு எந்த எண்ணெய் நல்லதென்று பேசினார்கள். அப்புறம் மாதம் தவறாமல் வந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும் மகனிடம் மறைக்கவும் இல்லை. கரூருக்குப் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வாளாம். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் செபமாலையை எடுப்பாளாம். அத்தை சொல்லித்தான் தெரியும்.

முகில் முனகினாள். பவுலின் அவள் தலையைத் தடவினாள். வேர்வையில் நனைந்த மெல்லிய முடி. இந்தத் தலை. இந்தத் தலையில் தண்ணீர் ஊற்றிய அந்த மதியம். அப்பாயி கால்களை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இரண்டு காலுக்கும் நடுவே குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பவுலின் குளியலறை வாசலில் நின்று பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிடக் காவல் காத்தாள். ஏனென்றால் அவளுக்குத் தெரியும், ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார்தான் வேண்டுமென்பதில்லை, ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றி ஒரு வரி சொன்னால் போதும். எத்தனை வீட்டில் எத்தனை கிழவிகள் பெற்றவளுக்குத் தெரியாமல் அதைச் செய்திருக்கிறார்கள். அப்பாயியின் நம்பிக்கை சும்மா பேச்சில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை செத்தால் மோட்சமில்லை என்று அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததை அவள் எழுத்துக்கு எழுத்து நம்பினாள், அவளுக்கு அது சமையலறைச் சுவர்போல் நிஜம். அப்பாயி குழந்தையை மல்லாத்திக் கையில் ஏந்தி, சொம்பை எடுத்தாள். சொம்பு குழந்தையின் நெற்றிக்கு மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவள் உதடு அசைகிறதா என்று பவுலின் பார்த்தாள், மூச்சுகூட விடாமல். அப்பாயி திரும்பாமலே சொன்னாள்.

"பயப்படாத. எனக்கு ஆசையாத்தான் இருக்கு, கை துடிக்குது. ஆனா திருடி ஊத்துற தண்ணி சாமிக்கு எதுக்கு?"

சொம்பைச் சாய்த்தாள். வெறும் தண்ணீர், வெந்நீர், எண்ணெய் மிதக்க வடிந்தது. குழந்தை சிரித்தது. அப்பாயியின் முதுகு குலுங்கியது. சிரிப்பென்று அன்று நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அன்று சாப்பாட்டு வேளையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, செங்குட்டுவனிடம் நேரடியாகக் கேட்டாள். தம்பி, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்னு எனக்கு ஆசை. அவன் கை நின்றுவிட்டது. மாமனார் மகனைப் பார்த்தார். அவ பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும் அப்பாயி என்றான் அவன், மெதுவாக. அப்பாயி அந்தக் கவளத்தை மென்று முழுங்கினாள். சரி தம்பி, அதுவரைக்கும் அவளுக்காக நான் வேண்டிக்கலாம்ல, அதுக்கு ஒண்ணும் தடையில்லையே என்றாள். அது உங்க உரிமை என்றான் அவன், கண் கலங்கியதை மறைக்க மோர் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அவள் ஒருசந்தி இருந்தாள், ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் கஞ்சி. யாருக்காக என்று சொல்லவில்லை. உடம்பு இளைத்ததைப் பார்த்து அப்பா டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். அவள் மாத்திரையையும் சாப்பிட்டாள், ஒருசந்தியையும் விடவில்லை. பவுலினின் நெஞ்சில் அப்பாயியின் அந்தப் பயமும் அந்தச் சொம்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன, இன்னும். அத்தனை பெரிய பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அந்தச் சொம்பை அப்படிச் சாய்க்க முடியுமா ஒருத்தியால். சட்டத்தை மீறுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், சட்டத்துக்குப் பயந்து மனுஷரை மிதிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இவள் இரண்டிலும் இல்லை. முழங்காலில் நிற்கிற பெண், ஆனால் யாரும் அவளை நகர்த்த முடியாது.

பீடத்தில் மணி அடித்தது. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். பவுலினும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழந்தாளிட்டாள். எழுந்தேற்றம். வெள்ளை அப்பம் சாமியாரின் விரல்களுக்கு நடுவே உயர்ந்தது. என் ஆண்டவரே என் தேவனே என்று முணுமுணுக்கும் குரல்களில் அப்பாயியின் குரல் மட்டும் இல்லை. இந்தச் சில வருஷமாக அந்தக் குரல் அவள் காதருகிலேயே கேட்கும். பின்னால், கடைசித் தூணருகில். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை பவுலின் இந்தக் கோயிலுக்கு வந்தது ஒரு ஈஸ்டருக்கு. முன்னால் போக முகமில்லாமல் செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசல் பக்கத்தில், கடைசித் தூணை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். முதல் பெஞ்சு அப்பாயியின் இடம். அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பலகையே பளபளத்துக் கிடக்கும். பிரசங்கத்துக்கு முன்னால் அப்பாயி ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். நடுப்பாதையில், ஊர் முழுக்கப் பார்க்க, கைத்தடி டொக் டொக்கென்று நடந்து பின்னால் வந்து, தூணைப் பிடித்து, முட்டி மடங்க மாட்டாமல் மடங்கி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முன்னால போ அப்பாயி என்று பவுலின் கெஞ்சினாள். இங்க காத்து நல்லா வருது என்றாள் அவள். நன்மை நேரம் வந்தபோது எழுந்து போய் வாங்கினாள். திரும்பி அவள் பழைய பெஞ்சுக்குத்தான் போவாள் என்று நினைத்தாள் பவுலின். ஆனால் அவள் வாயை மூடியபடி, கண்ணைத் தாழ்த்தியபடி, மறுபடியும் அத்தனை தூரம் நடந்து வந்து, உட்கார்ந்து, பவுலினின் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினாள். அப்பம் நாக்கில் கரையும்வரை பிடித்திருந்தாள். அப்புறம் விட்டாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் அதே. கிழவிக்கு உட்காரப் பிடிமானம் வேண்டியிருக்கிறது என்றுதான் பவுலின் நினைத்திருந்தாள். எத்தனை மந்தம்.

பிரகாசி ஆயா சொல்லும்வரை அவளுக்கு அது புரியவேயில்லை. அப்பாயி குளிர்பெட்டிக்குள் கிடந்த அன்று, பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேனென்று கிடந்தாள் பிரகாசி ஆயா. அப்பாயியின் சேக்காளி, ஒரே தெருவில் வாக்கப்பட்டு வந்தவர்கள். இருவரும் ஒரு வெற்றிலையை இரண்டாகக் கிழித்துப் போடுவதைப் பார்த்துத்தான் பவுலின் வளர்ந்தாள். எழுப்பிக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தபோது, கிழவி பவுலினின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் கையையும் புடிச்சாளா என்றாள். அப்புறம் சொன்னாள். பிரகாசியின் புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன், போனவன்தான். இருக்கிறானா செத்தானா தெரியாது. வருஷக்கணக்காய்க் காத்திருந்துவிட்டு, கருப்பையா என்ற பஸ் டிரைவரோடு குடும்பம் நடத்தினாள். நல்ல மனுஷன், குடிக்காதவன். ஆனால் முதல் புருஷன் செத்ததற்குச் சாட்சி இல்லாமல் கோயிலில் கல்யாணம் ஆகாது, கல்யாணமில்லாமல் நன்மையும் ஆகாது. ஊர்ப் பெண்கள் குழாயடியில் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். பிரகாசி கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். அடுத்த ஞாயிறு இஞ்ஞாசி, கையில் மகனைப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து எழுந்து பின்னால் வந்து உட்கார்ந்தாள். மாதா சபைத் தலைவி கூப்பிட்டுக் கண்டித்தாள். சபையில் இருக்கணுமா, அவளோட உக்காரணுமா. இஞ்ஞாசி கழுத்திலிருந்த சபையின் நீல நாடாவைக் கழற்றி, மடித்து, முத்தம் கொடுத்து, தலைவியின் கையில் வைத்துவிட்டு வந்தாளாம். அழுதாளாம், அந்த நாடாவுக்காக. கருப்பையா சாகும்வரை, பவுலின் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்புவரை, அந்தத் தூணருகில்தான் இருவரும் உட்கார்ந்தார்கள். நன்மை வாங்கிய வாயோடு திரும்பி வந்து இஞ்ஞாசி அவள் கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

"சாமியாரு சொன்னது தப்புன்னு அவ ஒருநாளும் சொல்லல பாத்துக்க," என்றாள் பிரகாசி ஆயா. "எனக்கே கோவம் வரும், நீயாச்சும் எனக்காக ரெண்டு வார்த்தை திட்டேன்டின்னு கேப்பேன். அவ சொல்லுவா, எனக்கு அதெல்லாம் தெரியாதுடி, எனக்குச் சாமியும் வேணும் நீயும் வேணும், ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அதை நான் நடந்துக்கிறேன்."

நடந்துக்கிறேன். எழுந்தேற்றம் முடிந்து எல்லாரும் எழுந்து நின்றபோதும் அந்தச் சொல் அவளைவிட்டுப் போகவில்லை. பீடத்துக்கும் கடைசித் தூணுக்கும் நடுவே இருக்கிற இந்தத் தரை, சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டம்போட்ட தரை, அப்பாயி எத்தனை ஞாயிறு இதில் போய்வந்திருப்பாள். வாயில் கடவுளை வைத்துக்கொண்டு. அப்படித்தானே அவள் நம்பினாள், அடையாளமாக இல்லை, நிஜமாகவே வாயில் கடவுள் இருக்கிறாரென்று. அவரை ஏந்திக்கொண்டு, கரைவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று, முன் பெஞ்சுகளையும் கோணலாகப் பார்த்த முகங்களையும் தாண்டி, செருப்புகள் கிடக்கும் மூலைக்கு. பவுலினுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்ததுபோல் பாட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது. நான் இவள் கையில் வளர்ந்தேன், இவள் பிசைந்த சோற்றைத் தின்றேன், இவளை ஒரு நல்ல கிழவி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கரூரில் மின்சாரக் கணக்கு, ஆபீஸ், பிள்ளைக்குச் சளி என்று ஓடிக்கொண்டிருந்தபோதெல்லாம் என் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஒன்று வந்து உட்கார்ந்து, காத்து நல்லா வருது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் சாமியார். பெஞ்சு முழுக்கக் கைகூப்பித் திரும்பினார்கள். அத்தை கூப்பினாள், கண்ணால் மறுபடியும் நினைவூட்டினாள். அப்பாவும் கைகூப்பித் திரும்பினார். அவர் பார்வை அத்தைவரை வந்தது, முகிலின் காலில் கிடந்த கொலுசுவரை வந்தது, அங்கேயே நின்று, தாழ்ந்துவிட்டது. அவர் தாடையில் நரைத்த முள்முடி. அப்போதுதான் பவுலினுக்கு அது உறைத்தது. கையில் மகனைப் பிடித்துக்கொண்டு என்றாளே பிரகாசி ஆயா, அந்த மகன் இவர்தான். சேக்காளிப் பையன்கள் எல்லாம் முன்னால் பீடத்தில் சாமியாருக்கு உதவி செய்ய, இவர் மட்டும் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறோமென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள். அம்மாவிடம் கேட்டால் காத்து நல்லா வருது என்றிருப்பாள். வளர்ந்து, சம்பாதித்து, அம்மாவுக்கு முதல் பெஞ்சில் ஒரு இடம் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த இடத்தை விட்டுவிட்டு அவள் மறுபடியும் எழுந்து பின்னால் போனாள், இந்தத் தடவை பவுலினுக்காக. அந்த ஈஸ்டர் அன்று அப்பா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். இத்தனை நாள் அவரை நினைத்தால் பவுலினுக்கு நெஞ்சில் ஒரு கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கும். இன்று முதல்முறையாக அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான்.

பாடகர் குழு எழுந்தது. நன்மைப் பாட்டு தொடங்கியது. ஜனங்கள் நடுப்பாதையில் வரிசைகட்டினார்கள். முன் பெஞ்சுதான் முதலில். அப்பா எழுந்து பாதையில் ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டார். அத்தை வீட்டார் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அத்தை பவுலினின் முழங்கையைத் தொட்டாள். வா. அவள் உடம்பு எழுந்துவிடப் பார்த்தது. உண்மையிலேயே தொடை இறுகியது, பெஞ்சிலிருந்து அரை விரக்கடை எழும்பியும்விட்டாள். எழுந்து போய்க் கை நீட்டினால் போதும், புதியவர், பெயர்கூடத் தெரியாதவர், கொடுத்துவிடுவார். ஊர் நிம்மதியாகும். அப்பாயிக்காக. அப்பாயிக்காக என்றால்? இன்று யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டால், அவள் அந்த முட்டியோடு நடந்த நடையெல்லாம் மறைக்க வேண்டிய ஒன்றாகிவிடும். திருடி ஊத்துற தண்ணி. அவள் ஒருநாளும் ஒளித்துச் செய்யவில்லை, கரூருக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பவுலின் உட்கார்ந்தாள். இல்ல அத்தை, நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்க என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட நிதானமாக வந்தது. அத்தையின் முகம் சிவந்தது. வரிசையில் போய்ச் சேர்ந்தாள். பெஞ்சு காலியாயிற்று. நீளப் பலகையில் அவளும் பிள்ளையும் மட்டும். பின்னால் அத்தனை கண்களும் பிடரியில் படுவது தெரிந்தது, வெயில்போல். பயந்துகொண்டிருந்தது இதுதான். இது இவ்வளவுதான். கையை முகிலின் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

பலகை முனகியது. நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பெஞ்சின் நடுவே வந்து நின்றிருந்தார். எல்லாருக்கும் வழிவிட்டவர் வரிசையில் சேரவில்லை. பின் பெஞ்சுக்காரர்கள் அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் தயங்கி நின்றார்கள். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"புள்ளையக் குடு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் கையைத் தாழ்த்தாமல் நின்றார். பவுலின் முகிலை எடுத்துக் கொடுத்தாள். வேற்றாள் கையென்று பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள், பிறகு அவர் காதைப் பிடித்துக்கொண்டு சமாதானமானாள். பிள்ளை பிறந்ததிலிருந்து ஒருநாளும் தொடாதவர், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையென்று ஊருக்கே தெரிந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுப்பாதையில் போய் நின்றார். மெதுவாக நகர்ந்தார். சாமியாருக்கு முன்னால் போய் வாயைத் திறந்து நன்மை வாங்கினார். அப்புறம் நகராமல் அங்கேயே நின்று, பிள்ளையைச் சற்றே முன்னால் நீட்டினார். சாமியார் சிரித்தார். கட்டைவிரலால் முகிலின் நெற்றியில் சிலுவை போட்டார். முகில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேனென்றாள். வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பவுலின் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பார்த்தாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. துடைக்கவில்லை. பார்ப்பதில் ஒரு துளியும் தவறிவிடக் கூடாதென்று இருந்தது.

அப்பா திரும்பி வந்தார். நடைபாதை ஓரத்து இடத்தைத் தாண்டி, அத்தையின் இடத்தையும் தாண்டி, உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் நன்மை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பவுலின் பார்த்தாள். முகில் அவர் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை உருவினாள், கீழே போட்டாள், பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகத் தொடங்கினாள். பவுலின் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலே, வேண்டாமென்பதுபோல் பிள்ளையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. கோயில் அமைதியாயிற்று, மின்விசிறி மட்டும் டக்கென்றது. அந்த அமைதியில், அத்தைக்குக் கேட்க, பின் பெஞ்சுக்குக் கேட்க, கரகரத்த தாழ்ந்த குரலில் அவர் சொன்னார்.

"முகிலு. தாத்தா சட்டைய விடும்மா."